ஒரு கணு மாற்றினேன்: உடைந்த ரேடியோ ஏரியல் நேரான கதை

நேற்று ராத்திரி பத்தரை மணிக்குத் தலைக்குமிழைப் பிடித்து இழுத்தேன். ஏரியலின் ஆறு குழாய்க் கணுவும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. தலை தொங்கவில்லை. ஏரியலைச் சாய்த்தாலும் திருப்பினாலும் கரகரப்பு இல்லை. மூன்று மாலை ஆனது, நடுவில் இரண்டு தடவை தப்பான வழியில் போய்த் திரும்பினேன். கை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

ரேடியோ 1970களின் நடுவில் வந்த போர்ட்டபிள். மீடியம் வேவ், இரண்டு ஷார்ட் வேவ், எஃப்எம் என்று நான்கு பேண்ட். குண்டு பேட்டரி நான்கு போட வேண்டும். ஏரியலை முழுக்க நீட்டி வைத்திருந்த நிலையில் அலமாரி மேலிருந்து விழுந்தது. பெட்டியில் ஒரு கீறல்கூட இல்லை, அடி மொத்தத்தையும் ஏரியல் வாங்கிக்கொண்டது. கீழிருந்து எண்ணினால் நான்காவது கணு, மூன்றாவதின் வாயை ஒட்டி மடங்கி முறிந்திருந்தது. கணு என்று நான் சொல்வது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்த் துண்டுகளை. நீட்டினால் மூங்கில் மாதிரி இருப்பதால் அந்தப் பெயரே வாயில் வந்துவிட்டது.

விழுந்த பிறகும் மீடியம் வேவ் பழையபடி பாடியது. அதற்கான ஏரியல் பெட்டிக்குள் கிடக்கும் ஃபெரைட் குச்சி, அதாவது கம்பி சுற்றிய ஒரு காந்தப்பொருள் துண்டு. வெளியே நீளும் கம்பிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எஃப்எம்மில் ஒரே ஒரு பலமான நிலையம், அதுவும் 'ஸ்ஸ்' இரைச்சலோடு. ஷார்ட் வேவ் கிட்டத்தட்ட ஊமை. மிச்சமிருந்த மொட்டைக் கம்பியை விரலால் தொட்டால் எஃப்எம் சட்டென்று எழுந்தது, ஏனென்றால் அப்போது நான்தான் ஏரியல். இன்னொன்றையும் அப்போதே கவனித்தேன்: மொட்டையை அடியில் பிடித்துத் திருப்பும்போது சத்தம் கரகரவென்று வந்து வந்து போனது. உடைந்த இடத்தின் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். அதை அப்போதே ஒழுங்காக விசாரித்திருந்தால் ஒரு மாலை மிச்சம்.

முதல் மாலை, பற்றவைத்துப் பார்த்தது. உடைந்த இரண்டு முனைகளும் கையில் இருந்தன, பித்தளைக்குச் சால்டர் (உருக்கி ஒட்டும் ஈயக்கலவை) நன்றாகப் பிடிக்கும், அப்புறம் என்ன என்ற நினைப்பு. குழாயின் சுவர் கால் மில்லிமீட்டர்தான் என்பதை யோசிக்கவில்லை. உள்ளே ஊசி செருகிப் பற்றவைத்தால் ஐந்தாவது கணு உள்ளே இறங்காது. வெளியே உறை போட்டால் நான்காவது மூன்றாவதுக்குள் இறங்காது. ஆக, முனையோடு முனை வைத்து ஒட்டுவது ஒன்றுதான் வழி. மடங்கிய வாய்களை 3.5 மி.மீ. டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கத்தைச் செருகி, கண்ணாடி மேல் உருட்டி வட்டமாக்கினேன். குரோம் பூச்சின் மேல் சால்டர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பொடி அரத்தால் குரோமைச் சுரண்டி மஞ்சள் தெரிந்த பிறகுதான் பிடித்தது. 25 வாட் சால்டரிங் அயர்னால் முடியவில்லை, சூடு குழாய் வழியே ஓடிவிடுகிறது. 60 வாட் எடுத்ததும் ஐந்து விநாடியில் பளிச்சென்று ஒட்டியது. பார்க்க அழகு. மூன்றாவது முறை நீட்டும்போது 'டக்' என்று கையோடு வந்துவிட்டது. வழியும் சால்டரை அரத்தால் தேய்த்து மட்டமாக்கியிருந்தேன் இல்லையா, அதோடு பிடிப்பும் போயிருந்தது.

"புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிடுங்களேன்பா" என்றாள் மகள். நியாயமான பேச்சுதான். வாங்கினேன்.

புது ஏரியல் வந்ததும் விட்டம் அளக்கும் வெர்னியர் காலிப்பரை எடுத்தேன். வாங்குவதற்கு முன்னால் எடுத்திருக்க வேண்டிய கருவி. பழையது மூடினால் 21 செ.மீ., நீட்டினால் 98. பெட்டியின் மேல்விளிம்பில் அது படுத்துக்கொள்ள ஒரு பள்ளமும், கடைசியில் கவ்விப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் கொக்கியும் உண்டு. புதியது மூடியே 28 செ.மீ.; படுக்க வைத்தால் பெட்டிக்கு வெளியே மூக்கை நீட்டுகிறது. அடிமூட்டின் நாக்கு 3 மி.மீ. அகலம், பழைய மூட்டின் பிளவோ 4.2. புதியதில் திருகு 2.5, பழையதில் 3. வாஷர் போட்டு ஒப்பேற்றலாம். ஆனால் பெட்டிக்கு வெளியே 7 செ.மீ. துருத்திக்கொண்டு நிற்கும் ஏரியல் அடுத்த முறை விழுவதற்கு முன்பே உடைந்துவிடும்.

சரி என்று இரண்டு ஏரியல்களின் எல்லாக் கணுக்களின் வெளிவிட்டத்தையும் ஒரு தாளில் பக்கம் பக்கமாக எழுதினேன். பழையது: 7.0, 6.1, 5.2, 4.3, 3.4, 2.5. புதியது: 6.0, 5.1, 4.2, 3.4, 2.5. அந்தத் தாள்தான் வேலையைத் திருப்பியது. புதியதன் மூன்றாவது கணு 4.2. எனக்குத் தேவையான நான்காவது 4.3. அதற்குள் போகும் அடுத்த கணு இரண்டிலும் 3.4 தான். முழு ஏரியலை மாற்றுவதற்குப் பதில் புதியதிலிருந்து ஒரே ஒரு கணுவை எடுத்துப் பழையதில் நட்டுவிடலாம். இடைவெளி வித்தியாசம் பத்தில் ஒரு மில்லிமீட்டர்.

இரண்டாம் மாலை, பிரித்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆறு திருகு. அதில் இரண்டு பேட்டரி அறைக்குள் ஒளிந்திருக்கும். பின்மூடியைத் திறக்கும்போது ஃபெரைட் குச்சியில் சுற்றிய மயிரிழைக் கம்பிகள் மேல் விரல் படக்கூடாது. அது அறுந்தால் நன்றாக இருக்கும் மீடியம் வேவும் போகும். ஏரியல் மூட்டைப் பிடித்திருந்த 3 மி.மீ. திருகைக் கழற்றினதும் ஏரியல் தனியாக வந்தது. திருகின் கீழே ஒரு வளையத் தகடு, அதில் பற்றவைத்த ஒரு சின்னக் கம்பி சர்க்யூட் போர்டுக்குப் போகிறது. தகடு கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு ஓரமாக ஒதுக்கி வைத்தேன்.

இந்த ஏரியல்கள் எப்படிப் பிரியும் என்று முன்பு எனக்குத் தெரியாது. மேலே இழுத்தால் வராது. ஒவ்வொரு குழாயின் வாயும் உள்பக்கமாகக் குறுகியிருக்கும், அதற்குள் ஓடும் குழாயின் பாதம் கொஞ்சம் அகன்றிருக்கும். இழுக்கும்போது பாதம் வாயில் மாட்டி நிற்பது அதனால்தான். ஆகவே கணுக்கள் கீழ்வழியாகத்தான் வெளியேறும். கீழே வாசலை அடைத்துக்கொண்டு அடிமூட்டின் கட்டை இருக்கிறது. முதல் கணுவின் அடியில் எதிரெதிராக இரண்டு குழி தெரியும், உளி வைத்துத் தட்டிய அடையாளம். அந்தக் குழிகளின் மேல் 1.5 மி.மீ. பிட்டால் துளைத்ததும் கட்டை குறடுக்கு இணங்கி வந்தது. அதன் பின்னால் இரண்டாவது, மூன்றாவது, முறிந்த நான்காவதின் அடித்துண்டு எல்லாம் வரிசையாக நழுவின.

கூடவே ஸ்பிரிங் தகடுகளும். ஒவ்வொரு கணுவின் பாதத்தைச் சுற்றியும் அரைவட்டமாக வளைத்த இரண்டு மெல்லிய தகடுகள் உண்டு, 8 மி.மீ. நீளம் இருக்கும். ஏரியல் நீட்டின இடத்தில் நிற்பதும், ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்கு மின்தொடர்பு போவதும் அவற்றின் தயவில்தான். மூன்றாவதின் தகடு ஒன்று துள்ளி மேசைக்கு அடியில் போய்விட்டது. காந்தம் கட்டிய குச்சியால் பத்து நிமிடம் தரையைத் துழாவினேன். பித்தளை காந்தத்துக்கு எப்போது மசிந்தது? டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தபோது அது போட்ட நிழல்தான் காட்டிக்கொடுத்தது. இனி இந்த வேலையை மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டுதான் செய்வேன்.

நான்காவதின் மேல்துண்டுக்குள் ஐந்தும் ஆறும் சிக்கியிருந்தன. அந்தத் துண்டு இனி எதற்கும் உதவாது என்பதால் ஊசிமுனைக் குறடால் நீளவாக்கில் சுருட்டிக் கிழித்தேன், பழைய டப்பா மூடியை உரிப்பது போல. இரண்டும் சேதமில்லாமல் வெளியே வந்தன.

புதிய ஏரியலையும் பிரித்து 4.2 மி.மீ. கணுவை எடுத்தேன். அது நீளம் அதிகம், வெட்டியாக வேண்டும். பாதத்தின் பக்கம் வெட்டினால் அகன்ற பாதமும் ஸ்பிரிங் உட்காரும் இடமும் போய்விடும். அதைக் கையால் திரும்பச் செய்ய எனக்கு வராது. வாயின் பக்கம் வெட்டினால் வாயைத் திரும்பக் குறுக்க வேண்டும், அது முடியும் என்று தோன்றியது. பழைய கணுவின் நீளத்தைக் குறித்துக்கொண்டு, கூர்ச்சக்கரம் வைத்த சின்னக் குழாய் வெட்டியைப் போட்டுச் சுற்றி வெட்டினேன். வெட்டு சுத்தம். உள்பக்கம் எழும்பிய பிசிறை ஊசி அரத்தால் எடுத்தேன்.

அப்புறம் ஐந்தாவதை மேல்வழியாக உள்ளே விட்டு, விளிம்பிலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி அதே வெட்டியை வைத்து மெதுவாகச் சுற்றினேன். வெட்டாமல் அழுத்தினால் உள்ளே ஒரு வரப்பு எழும்பும், அதுதான் புது வாய் என்பது கணக்கு. நான்காவது சுற்றில் விளிம்பு மோதிரமாகக் கழன்று விரலில் வந்து உட்கார்ந்தது. வெட்டியின் சக்கரம் வெட்டத்தானே செய்யும்! பிசிறை எடுத்து மட்டம் செய்ததில் எல்லாம் சேர்த்து 6 மி.மீ. நட்டம்.

அதோடு அன்றைக்கு மூடி வைத்தேன்.

மூன்றாம் மாலை முதல் வேலையாகச் சக்கரத்தின் கூர்மையை எண்ணெய்க் கல்லில் தேய்த்து மழுக்கினேன். விரல் நகத்தில் இழுத்தால் கோடு விழக்கூடாது, அந்த அளவுக்கு. மிச்சம் கிடந்த குழாய்த் துண்டுகளில் மூன்று முறை பழகினேன். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை கைப்பிடியை ஒரு பொட்டு மட்டும் இறுக்க வேண்டும். இறுக்கிக்கொண்டே சுற்றினால் குழாய் முக்கோணமாகிறது. ஐந்தாவதின் மேல் ரசீதுத் தாளை ஒரே ஒரு சுற்று சுற்றி, அதன் மேல் வாயைக் குறுக்கினேன். தாளை உருவி எடுத்தால் குழாய் ஓடுவதற்குத் தேவையான இடம் கிடைத்துவிடுகிறது. முதல் தடவை தாள் இல்லாமல் செய்து, பழகிய துண்டு இறுகி நகராமல் போனதால் வந்த ஞானம் இது.

வாய் நன்றாக அமைந்தது. இழுத்தேன், பாதம் வந்து மாட்டி நின்றது. பெருமையோடு நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் ஒன்றாக எடுத்து மூன்றாவதின் அடிவழியாக நுழைக்கப் போனேன். நுழையவில்லை. ஆறாவதின் உச்சியில் 7 மி.மீ. தலைக்குமிழ் உட்கார்ந்திருக்கிறது; மூன்றாவது குழாயே 5.2 தான். எல்லாம் கீழ்வழியாகத்தான் போக வேண்டும் என்று முந்தின நாள்தான் கண்டுபிடித்திருந்தேன், குமிழை மட்டும் மறந்துவிட்டேன்.

நல்ல வேளை, குமிழ் மரையில் ஏறியிருந்தது. அயர்ன் முனையை அரை நிமிடம் குமிழில் வைத்துச் சூடாக்கி, துணி சுற்றின குறடால் திருப்பினதும் உள்ளே இருந்த பழைய பசை இளகிக் கழன்றது. அடித்து இறுக்கிய குமிழாக இருந்திருந்தால் வெட்டித்தான் எடுத்திருக்க வேண்டும். மூன்றும் மூன்றாவதுக்குள் போயின, அது இரண்டாவதுக்குள், அது முதலாவதுக்குள். குமிழைத் திரும்ப ஏற்றினேன்.

எதிர்பார்த்தபடி மூன்றாவதின் வாயில் நான்காவது தளர்வாக ஆடியது. அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர். நீட்டினால் அங்கிருந்து மேலே எல்லாம் சோர்ந்து சாய்ந்தது. இதற்கு வெட்டியைத் தொடவில்லை, டிரில்லைத்தான் எடுத்தேன். வாயின் முதல் 2 மி.மீ. மட்டும் டிரில்லின் மூன்று தாடைகளுக்கு நடுவில் இருக்கும்படி வைத்து, கையாலேயே இறுக்கி, தளர்த்தி, கொஞ்சம் திருப்பி, மறுபடி இறுக்கி என்று ஒரு முழு வட்டம். டிரில்லுக்கு மின்சாரம் கொடுக்கவே இல்லை. இரண்டாவது வட்டத்தில் ஆட்டம் நின்றது. மூன்று தாடை மூன்று பக்கமும் சமமாக நெருக்குவதால் குழாய் கோணாமல் இருக்கிறது. மொத்த வேலையிலும் எனக்கு மிகவும் பிடித்த பத்து நிமிடம் அதுதான்.

அடிமூட்டின் கட்டையைப் பழையபடி செருகி, பழைய துளைகளிலிருந்து கால் வட்டம் தள்ளி இரண்டு இடத்தில் குழி தட்டினேன். வழுக்கட்டும் என்று முதலில் எண்ணெய் ஸ்ப்ரே அடித்தது வேண்டாத வேலை. நான்கு முறை இழுத்து மூடியதும் அரத்தூளோடு சேர்ந்து கரும்பசையாக வழிந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஒரு துளி வாசலின் தடவி, அதையும் துணியால் துடைத்தெடுத்தேன். மிஞ்சின ஈரமே போதும்.

ஏரியலை மாட்டி, மூடியைப் போட்டு, எஃப்எம் வைத்தேன். ஏழெட்டு நிலையங்கள் பளிச்சென்று வந்தன. நிம்மதியாக ஏரியலைக் கொஞ்சம் சாய்த்தேன். கரகர. இன்னும் சாய்த்தேன், நிலையமே போனது.

அப்போதுதான் மின்தடை அளக்கும் மல்டிமீட்டரைத் தேடினேன். மீட்டரின் கம்பிமுனை இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டால் 0.2 ஓம். குமிழிலிருந்து அடிமூட்டு வரை 0.5. அதாவது ஏரியல் சுத்தம், ஒட்டுக்கணு உட்பட. குமிழிலிருந்து போர்டு வரை வைத்தேன். முதலில் 5 ஓம், ஏரியலை அசைத்தால் 2 கிலோ ஓம், இன்னும் கொஞ்சம் அசைத்தால் ஒன்றுமே இல்லை. ஒதுக்கி வைத்தேனே, அந்தப் பச்சை பூத்த வளையத் தகடு! உடைவதற்கு ரொம்ப நாள் முன்பே இந்த ரேடியோவை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் வைத்தால்தான் எஃப்எம் நன்றாக எடுக்கும். அலை வரும் திசை அப்படி என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தோம்.

தகடு நாட்பட்டது, தேய்க்கத் தேய்க்க ஓரம் உதிர்ந்தது. புதுத் தகடு போட்டேன். திருகின் தலை, மூட்டின் முகம் இரண்டையும் 600 நம்பர் உப்புத்தாளால் பித்தளை மின்னும்வரை தேய்த்தேன். துருப்பிடித்த ஸ்பிரிங் வாஷரையும் மாற்றினேன். கம்பியின் நீளத்தை மாற்றவில்லை. அதுவும் ஏரியலின் ஒரு பாகம்தான், இஷ்டத்துக்கு நீட்டக்கூடாது. இப்போது குமிழிலிருந்து போர்டு வரை 0.6 ஓம். எப்படி ஆட்டினாலும் 0.6. இதற்கு ஆன நேரம் இருபது நிமிடம். முதல் நாளே மீட்டரை உச்சியிலும் போர்டிலும் வைத்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். இனி எந்த ஏரியலைத் தொட்டாலும் எனக்கு முதல் கருவி மீட்டர், இரண்டாவது காலிப்பர், அதன் பிறகுதான் திருப்புளி.

செலவைப் பார்த்தால் புது ஏரியலின் விலைதான் பெரிது. தகடும் வாஷரும் கையில் கிடந்தவை, குழாய் வெட்டி முன்பே இருந்தது. நேரம் ஒன்பது மணி, அதில் நான்கு மணி நேரமாவது என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். உபரியாக 6.0, 5.1, 3.4, 2.5 கணுக்கள் நான்கு கையில் இருக்கின்றன, விட்டம் எழுதிய சீட்டோடு ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏரியல் இல்லாத அந்த நாட்களில் வேலையை ஓட்டியது ஒரு சாதாரண ஒயர். 75 செ.மீ. வெட்டி, முதலைவாய் கிளிப் வைத்து அடிமூட்டில் கவ்வவிட்டேன், எஃப்எம்முக்கு அது தாராளம். 100 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 3 மீட்டர், அதில் கால்பங்குதான் அந்த 75. ஏரியலை முழுக்க 98 செ.மீ. நீட்டுவதைவிட உச்சிக் கணுவையும் அடுத்ததில் கொஞ்சத்தையும் உள்ளே தள்ளிவிட்டால் எஃப்எம் இன்னும் தெளிவாக வருவதும் இதனால்தான். ஷார்ட் வேவ் விஷயம் வேறு. அங்கே 6 மெகாஹெர்ட்ஸில் கால் அலையே 12.5 மீட்டர், அதன் முன்னால் எந்த ஏரியலும் குட்டைதான். நான்கு மீட்டர் ஒயரை ஜன்னலோரம் கட்டி, சரிசெய்த ஏரியலின் உச்சியில் கிளிப்பை மாட்டியபோது, மூன்று மாலை உழைப்பைவிட அந்த ஒயர் கூட்டி வந்த நிலையங்கள் அதிகம். கொஞ்சம் கசப்பாகத்தான் இருந்தது. இடி மின்னல் சமயத்தில் மட்டும் அந்த ஒயரைக் கழற்றிவிட வேண்டும்.

வெட்டித் தொலைத்த 6 மி.மீ.க்கு அடையாளம் இன்னும் இருக்கிறது. ஏரியலை மூடும்போது நான்காவதின் வாய் மூன்றாவதுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. எண்ணிப் பார்த்தால் ஐந்து கணுதான் தெரியும். மகள் எண்ணிப் பார்த்து, "ஒண்ணு குறையுதேப்பா" என்றாள். குமிழைப் பிடித்து இழுத்துக் காட்டினேன்.